தோகைக்கு ஒரு நாற்காலி

“பாறை உருண்டு ஊற்று அடைச்சு ரெண்டு மழை போச்சு! பிள்ளைங்க புலி குடிக்கிற மடுவுல போய்த் தண்ணி குடிக்குதுங்க. கேட்க ஒரு நாதி இல்லையா?”

ஒரு காட்டில் இப்படித்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி என்ற பெண்மயில். எதிரே நின்ற யானை காதை ஆட்டியது.

“பாறையைத் தூக்க மாட்டேன்னா சொல்றேன்? ஒரு நிமிஷ வேலை. ஆனா கவுன்சிலர் உத்தரவு வேணும் தாயி. கவுன்சிலரையே இன்னும் தேர்ந்தெடுக்கலையே!”

போன வாரம்தான் கடைக்குட்டிக் குஞ்சு மடுவிலிருந்து வால் இறகு இல்லாமல் வீடு திரும்பியிருந்தது. அடுத்த தடவை இறகு மட்டும் திரும்பி வந்தால்? கவுன்சிலர் தேர்தலில் தானே நிற்பது என்று செண்பகவல்லி முடிவு செய்தாள். நல்ல வேளை, அந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

தகுதிக்கு என்ன குறைச்சல்? அதே வார்டில் முட்டை உடைத்து வந்தவள். வெள்ளைக் கொக்குகள் நடத்திய கான்வென்டில் படித்தவள். எந்தப் புதரில் எந்தப் பாம்பு குடியிருக்கிறது என்பதுவரை அத்துப்படி.

கணவர் நீலகண்டன் போஸ்டர் அடித்துக்கொண்டு வந்தார். முழுக்க அவர்தான், தோகை விரித்தபடி. வேட்பாளர் வலது மூலையில், தபால்தலை அளவில்.

“ஏங்க, நிக்கிறது நான்தானே?”

“ஓட்டுப் போடறவங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா எதையாவது பார்க்க வேணாமா, செம்பா?”

அடியில் வேட்பாளரின் வாழ்க்கைக் குறிப்பு: ‘தோகைச் செம்மல் நீலகண்டனின் துணைவியார்.’ அவ்வளவுதான். கான்வென்டும் இல்லை, பாம்பும் இல்லை.

எதிர்த்து நின்றது மரகதம் என்ற கீரி. கெட்டிக்காரி. ஆனால் காடு முழுக்க ஒரே பேச்சு: “அவளுக்குப் புருஷனே கிடையாதாமே! ஜெயிச்சா வேலையை யார் பார்க்கிறது?”

தோகை அமோகமாக ஜெயித்தது.

பதவியேற்பு மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நீலகண்டன். இன்னொன்றில் அவருடைய தோகை. மடங்கினால் பொலிவு போய்விடுமாம். மூன்றாவதற்கு இடமில்லை. கவுன்சிலர் நின்றபடியே உறுதிமொழி எடுத்தாள். இறங்கி வந்து எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸும் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் யானையிடம் ஓடினாள். “இதோ, கவுன்சிலரே சொல்றேன். தூக்கு பாறையை!”

யானை நெளிந்தது. “நீங்க சொல்லிட்டீங்க, சரி. ஐயா ஒரு வார்த்தை சொல்லட்டுமே.”

வீட்டுக்கு வந்தால் வாசலில் நீள வரிசை. முகப்பில் ஐயா மனு வாங்கிக்கொண்டிருந்தார். விறுவிறுவென்று உள்ளே நுழையப் போனவளை ஒரு முயல் மறித்தது.

“இந்தாம்மா, நாங்கல்லாம் மனுஷங்களா தெரியலையா? வரிசைல வாங்க. கவுன்சிலர் எல்லாரையும் பார்ப்பாரு.”

கவுன்சிலர் வரிசையில் நின்றாள்.

அவள் முறை வந்தபோது வானம் கருத்தது. மேகத்தைக் கண்டால் நீலகண்டனுக்குக் கை கால் நிற்காது. எழுந்தார், தோகையை விரித்தார், ஆட ஆரம்பித்தார். காடே வாய் பிளந்தது. தாகம் தாங்காமல் குஞ்சுகள் மடுவின் பக்கம் நடந்துகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

செண்பகவல்லி தோகையின் பின்பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏங்க, ஊற்று அடைச்சு மூணாவது மழையும் வந்தாச்சு. யானைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்?”

நீதி: தேர்தலில் நிற்கும் பெண்கள், உட்காருவதற்கு நாற்காலியை வீட்டிலிருந்தே எடுத்து வரவும்.