கொமிஷாவுக்கு ஓர் ஒத்திகை

பயணம் போகிறவர்கள் ஓர் இனம். பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் வேறோர் இனம். முதல் இனத்தார் பல் துலக்கும் பிரஷ்ஷை மறந்து, தப்பான பஸ்ஸில் ஏறி, மழையில் நனைந்து, ஜலதோஷத்தோடு வீடு திரும்பி, "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்பார்கள். இரண்டாம் இனத்தார் எதையும் மறப்பதில்லை. அவர்களை நீங்கள் எங்கு வேண்டுமானாலும் பார்க்கலாம், விமான நிலையம் ஒன்றைத் தவிர.

பெர்த் நகரத்துக்குத் தெற்கே, ஸ்பியர்வுட்டில் வசிக்கும் க்ளைவ் ஆர்ம்ஸ்பி இந்த இனத்தின் கலப்படமில்லாத சரக்கு. நகராட்சியின் சாலைப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். ஒரே ஒரு ரவுண்டானாவுக்குப் பதினோரு வருஷம் வரைபடம் போட்டு, முதல் கல்லை வைப்பதற்குள் ஓய்வு பெற்றவர். அந்த ரவுண்டானா கையை விட்டுப் போன பிறகு கை நமநமவென்று இருந்ததால், மனைவியைக் கொமிஷாவுக்கு அழைத்துப்போவது என்று முடிவு செய்தார். ஆறு வருஷம் ஆகிறது.

கொமிஷா என்பது மத்தியதரைக் கடலின் ஒரு மூலையில், குரோஷியாவைச் சேர்ந்த தீவு ஒன்றில் இருக்கும் மீன்பிடி ஊர். க்ளைவின் மனைவி நெவென்கா பிறந்தது அங்கேதான். ஆறு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்து, ஸ்பியர்வுட்டின் தக்காளித் தோட்டங்களில் வளர்ந்தவள். அக்கா டோன்காவுக்கு அப்போது பதினேழு வயது. ஒரு மீனவனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் அவள் வரவில்லை. அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு தடவை, அதுவும் நெவென்காவுக்குத் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேச்சு.

ஆக, பிறந்த ஊர்க்காரி ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறாள். திட்டக்காரர் அவளிடம் ஏதாவது கேட்பார் என்று நினைக்கிறீர்களா? கேட்டால் திட்டத்துக்கு என்ன மரியாதை? கொமிஷாவில் கல் பாவிய சந்து எத்தனை சரிவு என்று கனடாவிலிருக்கும் ஒரு பல் வைத்தியரிடம் இணையத்தில் கேட்டார். உப்புமீனும் வெங்காயமும் வைத்துச் சுடும் அந்த ஊர் ரொட்டி எந்தக் கடையில் உத்தமம் என்று மூன்று வாரம் ஆராய்ந்தார். அந்த மூன்று வாரமும் வெள்ளிக்கிழமைதோறும் அதே ரொட்டியைத்தான் நெவென்கா அவர் தட்டில் வைத்தாள். ஒரு கையால் அதைத் தின்றுகொண்டே மறு கையால் குறிப்பெடுத்தார்.

ஆராய்ச்சியெல்லாம் ஒரு நீல ஃபைலில் சேர்ந்தது. ஃபைலுக்குப் பதிப்பு எண் உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் லேமினேஷன் உண்டு, தீவில் திடீரென்று அலை வந்து அடித்தால் என்ன செய்வது? காலை 10.40 முதல் 10.55 வரை துறைமுகத்தில் வேடிக்கை பார்த்தல். 10.55 முதல் 11.00 வரை கழிப்பறை. மாலை 4.00 முதல் 4.20 வரை திட்டமில்லாமல் சுற்றுதல். அந்தத் திட்டமில்லாத இருபது நிமிஷத்துக்கும் கீழே ஒரு வரைபடம்.

முதல் மூன்று பதிப்புகள் தயாரானதும் க்ளைவ் வீட்டுப் பின்கட்டில் ஒரு பார்பிக்யூ வைத்தார். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு தட்டு சாலட்டும் கேக்கும் கொண்டுவந்தார்கள். நாற்பது டிகிரி வெயிலில், வேலியில் கிளிப் போட்டு மாட்டிய பக்கங்களைக் கரண்டியால் சுட்டிக்காட்டி, கரிந்துகொண்டிருந்த சாசேஜைப் புரட்டியபடி விளக்கினார்: ஜனவரியில் பயணம், கோடை விடுமுறை, தினமும் இரண்டு வேளை கடல் குளியல், நீச்சல் உடை தலைக்கு மூன்று, வெயிலுக்குப் பூசும் கிரீம் நான்கு புட்டி. "அறை வாடகை பாதிக்குப் பாதிதான். இந்த ரகசியம் ஐரோப்பாக்காரனுக்கே தெரியலை," என்றார்.

நெவென்கா சாலட்டைக் கிளறிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"க்ளைவ், ஜனவரில அங்க குளிர்காலம்ப்பா."

க்ளைவின் கரண்டி பாதிவழியில் நின்றது. கொழுப்பு சொட்டி நெருப்பு மட்டும் சீறியது.

"வடக்கேர்ந்து ஒரு காத்து வரும், கூரை ஓட்டைத் தூக்கிட்டுப் போயிடும். கடையெல்லாம் பூட்டிடுவாங்க. குளிக்கணும்னா நீ குளி. நான் கம்பளி கொண்டாரேன்."

பூமியின் தென்பாதியில், பிறந்ததிலிருந்து கிறிஸ்துமஸை வியர்வையோடு கொண்டாடிய மனிதருக்கு, ஜனவரி என்றால் கோடை என்பது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. அதைப் போய் யாராவது சரிபார்ப்பார்களா? பக்கத்து வீட்டுக் கோரலி சிரிப்பை அடக்கப் பார்த்து, வாயிலிருந்த பீட்ரூட் மூக்கில் ஏறி, தனியாக ஒரு களேபரம்.

"அதைத்தான் நானே சரிபாத்துக்கிட்டிருந்தேன்," என்றார் க்ளைவ்.

அன்று பட்ட அவமானத்துக்குப் பிறகு அவர் எந்தத் தேதியையும் நம்புவதில்லை. பயணத்தைத் தள்ளிப்போட நான்காம் பதிப்பில் காற்று, ஆறாம் பதிப்பில் படகு நேரம், ஒன்பதாம் பதிப்பில் தன் முழங்கால். பதினோராம் பதிப்பிலிருந்து மாதாந்திர ஒத்திகை தொடங்கியது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை காலை, இரண்டு பெட்டிகளையும் நிறைத்து, படுக்கையறையிலிருந்து வாசல் கேட்டுக்கும், கேட்டிலிருந்து தெருமுனை பஸ் நிறுத்தத்துக்கும், அங்கிருந்து திரும்ப வீட்டுக்கும் உருட்டிப் பார்க்க வேண்டும். க்ளைவ் கேட்டருகே ஸ்டாப்வாட்சோடு நிற்பார். அவர் முழங்காலை அசல் பயணத்துக்காகப் பத்திரப்படுத்த வேண்டியிருந்ததால் உருட்டுவது நெவென்கா. முதல் மாதம் கோரலி பதறிப்போய் ஓடிவந்தாள்.

"என்னடி, அவனை விட்டுட்டுக் கிளம்பிட்டியா?"

"இல்லடி, ஒத்திகை."

"அடப் பாவமே," என்றாள் கோரலி. எதற்குப் பாவம் என்று சொல்லவில்லை.

இதுவரை சிரித்தது போதும். அங்கே டோன்காவின் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணின் நடுப்பார்வை மெதுவாக அழிகிற வியாதி. நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறை. ஓரப் பார்வை மட்டும் கொஞ்சம் மிச்சம். அதுவும் எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை.

"நேத்து பக்கத்து வீட்டுக்காரின்னு நினைச்சு, கோட்டு மாட்டுற ஸ்டாண்டுகிட்ட கால் மணி நேரம் பேசினேன்," என்று ஏப்ரல் மாத ஞாயிறு ஒன்றில் டோன்கா போனில் சிரித்தாள். "அவளைவிட அது எவ்வளவோ பரவாயில்லை, குறுக்கப் பேசலை."

நெவென்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வர்றதுன்னா சீக்கிரம் வாடி, குட்டி. உன் முகத்தைப் பாக்கணும். குரலை மட்டும் கேக்குறதுக்கு இந்தப் போனே போதுமே."

போனை வைத்த கையோடு நெவென்கா க்ளைவிடம் போனாள். பதினைந்தாம் பதிப்பு மேசை முழுக்கப் பரந்து கிடந்தது. அதில் அவள் விரல் ஒரு வரியில் நின்றது: டோன்கா வீடு, 3.15 முதல் 4.45 வரை, காபி உட்பட.

"எங்க அக்காவுக்கு ஒன்றரை மணி நேரமா?"

"காபியையும் சேர்த்துத்தான்," என்றார் க்ளைவ், தாராளமாக.

"வர்ற வாரமே போயிடலாம் க்ளைவ். அவளுக்குக் கண்ணு போயிட்டிருக்கு."

"அவசரப்பட்டா ஆகாது நெவென்கா. மே மாசம் படகு அட்டவணையை மாத்துவாங்க. அது வந்ததும் பதினாறாம் பதிப்பு, அப்புறம்—"

நெவென்காவுக்குக் கோபம் வந்தது. நாற்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அப்படியொரு கோபம் வந்ததில்லை. அதனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் காய்கறி வாங்கப் போனாள். கடைத்தொகுதியில், செருப்புக் கடைக்கும் மீன் கடைக்கும் நடுவே ஒரு பயண ஏஜென்சி இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள், "எந்தத் தேதி பாக்கட்டும்மா?"

"எதுல முதல்ல இடம் இருக்கோ, அதுல."

இருபது நிமிஷம். திட்டம் முடிந்தது. காய்கறி வாங்க மறந்துவிட்டாள்.

அவள் எதையும் மறைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை சொன்னாள், "வியாழக்கிழமை நான் கிளம்புறேன்." க்ளைவ் தலையசைத்து, காலண்டரில் 'வியாழன், ஒத்திகை' என்று எழுதினார். செவ்வாய்க்கிழமை, "உனக்கும் ஒரு சீட்டு எடுக்கட்டுமா?" என்றாள். "அவசரப்படாதே," என்றார். புதன்கிழமை அவள் டிக்கெட்டையே மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்து, "மாதிரிக்கு ஒண்ணு அடிச்சுக் கொண்டாந்தியா? நல்ல வேலை," என்று லேமினேஷன் போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை ஏழரை. க்ளைவ் கேட்டருகே ஸ்டாப்வாட்சோடு நின்றார். நெவென்கா ஒரே ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"பெட்டி ஒண்ணு குறையுது," என்றார்.

"இது போதும்."

ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கோரலி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னடி, இன்னைக்கும் ஒத்திகையா?"

"இல்லடி," என்றாள் நெவென்கா.

கோரலியின் கையிலிருந்த குழாய் அவள் செருப்பையே நனைத்தது. டாக்ஸி வந்து நின்றது. "டாக்ஸியையும் சேர்த்துட்டியா? நான்கூட யோசிக்கலையே," என்று க்ளைவ் மனமாரப் பாராட்டினார். நெவென்கா அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். "ஃபிரிஜ்ஜுல ரொட்டி இருக்கு. மனசு வந்தா நீயும் வா." டாக்ஸி தெருமுனை திரும்பியது. க்ளைவ் நேரத்தைக் குறித்துக்கொண்டார்: மூன்று நிமிஷம் பத்து வினாடி. இதுவரை நடந்ததிலேயே சிறந்த ஒத்திகை. திரும்பி வரும் நேரத்தைக் குறிப்பதற்காக அங்கேயே நின்றார்.

நாற்பது நிமிஷம் ஆனதும் கோரலி குழாயை மூடிவிட்டு வந்தாள். "க்ளைவ், உள்ள போப்பா. வெயில் ஏறுது."

சனிக்கிழமை கொமிஷாவிலிருந்து ஒரு படம் வந்தது. துறைமுகத்தில் ஒரு கல் பெஞ்சு. அதில் அக்காவும் தங்கையும் கை கோத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நெவென்கா அழுது முகம் வீங்கியிருக்கிறாள். டோன்கா அவளைப் பார்க்காமல் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். அப்படித் திருப்பினால்தான் ஓரக்கண்ணில் தங்கை தெரிகிறாள். போன வருஷம் வந்திருந்தால் நேராகவே பார்த்திருப்பாள் என்பதை யாரும் படத்தின் கீழே எழுதவில்லை.

க்ளைவ் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு போன் செய்தார்.

"நெவென்கா, அந்தப் பெஞ்சு என் வரைபடத்துல இல்லையே."

"வந்து உக்காந்து பாரு."

"வரத்தான் போறேன். ஒரு ஆளுக்கு எல்லாத்தையும் மாத்தணும், அதான்... பதினாறாம் பதிப்பு முடியட்டும்."

அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் டோன்காவின் கண்ணைப் பற்றிப் படித்தபோது, உங்களுக்கும் ஒருவர் முகம் நினைவுக்கு வந்ததல்லவா? கட்டாயம் ஒருநாள் போய்ப் பார்த்துவிட வேண்டும், இந்தப் பரீட்சை முடியட்டும், இந்த மழை விடட்டும் என்று மனதுக்குள் ஒரு தேதியும் தேடினீர்களே? நெவென்கா எடுத்துப் போகாத பெட்டி ஒன்று க்ளைவ் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. முதல் வியாழக்கிழமை வந்தால் நீங்கள் உருட்டலாம்; அவர் நேரம் குறித்துக்கொள்வார்.