சின்னப்பாலமும் கேட்கப்படாத மனிதரும்

மனிதரில் ஓர் இனம் இருக்கிறது. அவர்களைக் கேட்கப்படாதவர்கள் என்று அழைக்கலாம். அப்படி அழைப்பதற்கு முன் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உடம்புக்கு நல்லது. நான் கேட்கவில்லை. அதற்குரிய கூலி என்னைத் தேடி வருவதற்குள் நீங்கள் விறுவிறென்று வாசித்துவிடுங்கள்.

இவர்களைக் கண்டுபிடிக்கத் தனிக்கல்வி தேவையில்லை. தெருவில் ஒரு மின்கம்பம் நடட்டும், பள்ளிவாசல் மதிலுக்கு வர்ணம் அடிக்கட்டும், அடுத்த வீட்டுக்காரர் தன் சொந்தக் கிணற்றைத் தன் சொந்தக் காசில் இறைக்கட்டும். கொஞ்சம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டி, தலையை ஒருபக்கம் சாய்த்து, யாரையும் பார்க்காமல் எல்லாருக்கும் கேட்கும்படி ஒருவர் பெருமூச்சு விடுவார்.

"செய்யட்டும், செய்யட்டும். நம்மள ஆரு கேக்கிற?"

கம்பம் வேண்டாம் என்கிறாரா? இல்லை. வெளிச்சம் முதலில் அவருடைய முற்றத்தில்தான் விழப்போகிறது. வர்ணம் பிடிக்கவில்லையா? அவருக்குப் பிடித்த பச்சையேதான். எல்லாம் சரி, எல்லாம் நல்லது, எல்லாம் ஊருக்குத் தேவையானது. ஆனால் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "இதுக்கெல்லாமா என்னக் கேக்கிற, செய்ங்க" என்றுதான். அதைச் சொல்லும் வாய்ப்பைத்தான் நீங்கள் பறித்துவிட்டீர்கள்.

இந்தக் குணம் வானத்திலிருந்து விழுந்ததல்ல; எங்கள் கலியாண வீடுகளில் முளைத்தது. எங்கள் கரையோரத்தில் கலியாணக் கார்ட் என்பது வெறும் தாள். வந்து சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் தம்பி மோட்டார் சைக்கிள் இயந்திரத்தை நிறுத்தாமலே வாசல் கேற்றடியில் நின்று நீட்டினால் அது செய்தி. வாப்பா வந்தால் அது அழைப்பு. வாப்பாவும் உம்மாவும் சேர்ந்து வந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, "நீங்க வராம நாங்க நிக்காஹ் எழுத மாட்டம்" என்று சொன்னால்தான் அது கேட்டதாகக் கணக்கு. இந்தப் படிமுறையில் ஒரு படி குறைந்தாலும் போதும். அந்த வீட்டுப் புரியாணி பல வருடங்களுக்குத் தொண்டைக்குள் இறங்காது. கலியாணத்துக்கு இது அழகான முறைதான். எங்கள் கேட்கப்படாதவர்கள் இதையே பாலத்துக்கும் பொருத்தினார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது.

இந்த இனத்துக்கு எங்கள் ஊர் தரும் மாதிரி அப்துல் ஸமட் ஹாஜியார். கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் ஊரே சீனிக்கும் மாவுக்கும் அவரைத்தான் கேட்டது. பிறகு கடைகள் பெருகின, சீனி தானாகக் கிடைத்தது, அவரைக் கேட்பதை ஊர் மறந்தது. அவர் மறக்கவில்லை. எங்கள் தெருவின் முதல் பட்டதாரியாக நான் ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் பட்டம் வாங்கி, மார்பு கொஞ்சம் விரிய, தொதல் இனிப்புத் தட்டோடு வீடு வீடாகப் போனேன். ஹாஜியார் ஒரு துண்டை வாயில் போட்டு, மென்று, விழுங்கி, "நல்லம். ஆனா எந்தப் பாடம் படிக்கிறதெண்டு என்னட்ட ஒரு வார்த்த கேட்டயா?" என்றார். இன்னொரு துண்டும் எடுத்தார்.

இனிப் பாலத்துக்கு வருவோம். எங்கள் ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தோணா போகிறது. மாரியில் வயல் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஓடைக்குத்தான் அந்தப் பெயர். ஒருபுறம் கடற்பக்கம்: ஆஸ்பத்திரி, பாடசாலை, சந்தை எல்லாம் அங்கே. மறுபுறம் வயற்பக்கம்: ஹாஜியார் அங்கே. நடுவில் சின்னப்பாலம். மாட்டு வண்டிக் காலத்தில் ஒரு வண்டி போகக் கட்டியது. இன்றைக்கும் ஒரு வண்டிதான் போகும். இறக்காமத்திலிருந்து நெல் லொறி, ஒலுவிலிலிருந்து மீன் லொறி, தனியார் பஸ், நெல் வெட்டு மெஷின், டியூஷன் பிள்ளைகளின் சைக்கிள் கூட்டம் எல்லாம் அதன் வழியாகத்தான். இரண்டு வாகனம் எதிரெதிரே வந்தால்? ஒன்று பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் எடுப்பது எங்கள் ஊரில் தோல்வி. ஆகவே இரண்டு சாரதிகளும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கண்ணாடி வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னால் வரிசை வளரும்.

இப்படி வளர்ந்த ஒரு வரிசையின் நடுவில்தான் ஹாஜியாரின் மகள் றிபாவுக்கு மூத்த பிள்ளை பிறந்தது. கணவன் ஸிராஜின் சொந்த ஆட்டோவில், பாலத்தின் சரிமத்தியில், பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த ஒரு தாதியின் கையில். தாயும் பிள்ளையும் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. பிள்ளைக்கு அழகான அரபுப் பெயர் உண்டு. ஊர் கூப்பிடுவது பாலத்தான் என்று. இப்போது றிபாவுக்கு இரண்டாவது, ஏழாம் மாதம்.

இந்த நேரத்தில்தான் புதுப் பாலத்துக்குப் பணம் வந்தது. இருவழிப் பாலம், நடைபாதையோடு. பொறியியலாளர் பிரகாஸ் என்ற கல்முனைத் தம்பி மக்கள் கருத்தறியும் கூட்டம் வைத்தார். வயற்பக்கத்து ஏறுபாதை ஹாஜியாரின் வீட்டு வளவு மூலையில் ஒரு துண்டைத் தின்னும். அவர் சம்மதம் வேண்டும். மறுநாள் காலை அறிக்கை போகாவிட்டால் பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

கூட்டத்தை அறிவிக்காமலா விட்டார்கள்? பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஹாஜியாரின் கேற்றடியில் நின்று தனியாக ஒருமுறை சொன்னார்கள். கடிதம் போட்டார்கள். வாட்சப்பில் போட்டார்கள், நீலக்கோடு இரண்டும் விழுந்தது.

"வாட்சப்புல போட்டா அது கேட்டதா?" என்றார் ஹாஜியார். "ஆள் வந்ததா?"

ஆள் வரவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு கடற்பக்கத்துப் பிரதேச சபை மண்டபத்தில் கிராஅத் ஓதிக் கூட்டம் தொடங்கியபோது முன்வரிசையில் ஒரு நாற்காலி வெறுமையாக இருந்தது. எவரும் அதில் உட்காரவில்லை. பிரகாஸ் வரைபடத்தை விரித்து விளக்கி முடித்து, "வயற்பக்க ஆக்கள் என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். வயற்பக்கம் வெறும் நாற்காலியைப் பார்த்தது.

"ஸமட் ஹாஜியார் வரல்லியே, சேர். வளவு அவர்ர. அவரு இல்லாம நாங்க எப்புடிக் கைய உசத்துற?"

பள்ளிவாசல் தலைவர் மர்சூக் தொலைபேசி எடுத்தார். ஹாஜியாரின் மனைவி சித்தி லைலா பேசினார்.

"அவரு படுத்திரிக்காரு, தம்பி."

"சுகமில்லையா ராத்தா?"

"சுகமெல்லாம் நல்ல சுகம். சேட் போட்டு, அத்தரும் பூசிட்டுத்தான் படுத்திரிக்காரு. அயர்ன் கசங்குமெண்டு புரளாமக் கிடக்காரு. வந்து கூப்பிடுங்களன்."

மர்சூக்கும் ஸிராஜும் கிளம்பினார்கள். ஸிராஜின் ஆட்டோவில் அல்ல, மர்சூக்கின் காரில். மருமகனுடைய ஆட்டோவில் ஏறி வந்தால் அது அழைப்பாகுமா? போகும்போது பாலம் காலியாகக் கிடந்தது. வீட்டில் ஹாஜியார் ஒருதரம் மறுத்தார். "நான் எதுக்கு? படிச்ச ஆக்கள் இரிக்காங்க." தேத்தண்ணி வந்தது. இன்னொருதரம் மறுத்தார். மர்சூக் அண்ணன் முறை கொண்டாடிக் கையைப் பிடித்து, "காக்கா, நீங்க இல்லாம இந்தப் பாலம் எழும்பாது" என்றார். ஹாஜியார் எழும்பினார். சேட்டில் ஒரு சுருக்கம் இல்லை.

திரும்பி வரும் வழியில் சின்னப்பாலத்தின் நடுவே, முன்னால் ஒரு நெல் லொறி, அதற்கு எதிரே ஒரு பஸ். இரண்டு இயந்திரமும் நின்றுவிட்டிருந்தன. இரண்டு சாரதிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மண்டபம் அங்கிருந்தே தெரிகிறது. ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று மர்சூக்கே வெளியே கட்டுவித்த ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்கிறது.

"மாமா, இறங்கி நடப்பமே. அந்தா தெரியிது" என்றான் ஸிராஜ்.

"என்ன கதைக்கிற மருமகன்? கூட்டிட்டு வாற ஆள நடக்க வெக்கிறயா? சனம் என்ன சொல்லும், தானா வந்தாரெண்டு சொல்லாதா?"

ஆகவே உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் றிபாவின் குரல் வந்தது.

"சேர், நான் வயற்பக்கம். என்ட மூத்தவன் அந்தப் பாலத்துலதான் பிறந்தான். அண்டைக்கு அந்த பஸ்ஸுல ஒரு நேர்ஸ் வந்ததால நான் இண்டைக்கு மைக் புடிச்சிட்டு நிக்கன். அடுத்ததுக்கும் ஒரு நேர்ஸ் அந்தப் பக்கமா வருவாவா எண்டு எனக்குத் தெரியாது. வாற வருசமெண்டாலும் பாலம் வரட்டும். எனக்கில்லாட்டியும் எனக்குப் பிறகு பெறுற புள்ளையளுக்கு."

 பிரகாஸ் மெதுவாகக் கேட்டார். "நல்லது தங்கச்சி. வாப்பாட சம்மதம்?"

"வாப்பா வந்திட்டு இரிக்காரு, சேர்."

"எங்க நிக்காரு?"

"பாலத்துல."

மண்டபம் சிரித்த சிரிப்பு ஒலிபெருக்கி இல்லாமலே பாலம் வரைக்கும் வந்தது. காருக்குள் ஒருவர் சிரிக்கவில்லை. "என்னத்துக்குச் சிரிக்கானுகள்?" என்று கேட்டார்.

அந்தி மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. நபியை வாழ்த்தும் ஸலவாத்தோடு கூட்டம் கலைந்தது. ஸலவாத் சொன்ன பிறகு எங்கள் ஊரில் எந்தப் பேச்சையும் திரும்பத் தொடங்க முடியாது, அது பூட்டு. ஹாஜியாரை ஏற்றிய கார் வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் அடுக்கப்பட்டது முன்வரிசை.

"என்னக் கேக்காமக் கூட்டத்த முடிச்சிட்டீங்க!" என்றார் ஹாஜியார். கேட்கப்படாதவர் ஒருவரின் வாழ்வில் இதைவிட நிறைவான கணம் ஏது?

பிரகாஸ் நல்ல பிள்ளை. ஜீப்பில் ஏறப்போனவர் இறங்கி வந்து, இரண்டு கையையும் கூப்பி, "ஐயா, இப்ப நான் கேக்கிறன். உங்களுக்குச் சம்மதமா? ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, எழுதிட்டுப் போறன்" என்றார்.

இங்கேதான் நீங்கள் இந்த இனத்தை உற்றுப் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் காத்திருந்த கேள்வி. அரசாங்கம் கைகூப்பி நிற்கிறது. ஊர் சுற்றி நிற்கிறது. பெற்ற மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"மூலை என்ன தம்பி, முழு வளவையும் தருவன். ஆனா ரோட்டுல நிண்டா இதக் கேக்கிற? இன்னொரு கூட்டம் வைங்க. முறையா வந்து சொல்லுங்க. வாறன்."

பிரகாஸ் ஜீப்பில் ஏறினார். மறுநாள் காலை பணம் வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. அங்கே யாரையாவது கேட்டார்களா என்பது தெரியவில்லை. பாலம் கட்டுகிறார்கள் என்று கேள்வி.

அடுத்த வாரம் றிபா இரண்டு பையைக் கட்டினாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் அங்கே வருவான். பிள்ளைப்பேறு பெண்ணுடைய வீட்டில், அவளுடைய உம்மாவின் கையில். மாமியார் வீட்டுக்குப் பெறப் போனாள் என்றால் பெற்றவர்கள் முகத்தை எங்கே வைப்பார்கள்? ஆனால் ஸிராஜின் உம்மா வீடு கடற்பக்கம், ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு. சித்தி லைலா அழுதுகொண்டே உடுப்பு மடித்துக் கொடுத்தார். பாலத்தான் முன் சீற்றில் ஏறிவிட்டான். ஹாஜியார் ஆட்டோவின் முன்னால் வந்து நின்றார்.

"போற முடிவெடுக்க முன்ன என்னட்ட ஒரு வார்த்த கேட்டயா மகள்?"

"உங்களக் கேக்கிறெண்டா வாப்பா," என்றாள் றிபா, "கூப்பிட ஆள் வரணும், தேத்தண்ணி ஊத்தணும், ரெண்டு தரம் நீங்க மறுக்கணும். அதுக்குள்ள புள்ள பிறந்திரும்."

ஆட்டோ போயிற்று. அன்றைக்குப் பாலம் காலி.

பேத்தி பிறந்தாள், நேரத்துக்கு, கட்டிலில், மருத்துவர் இருக்க. ஸிராஜ் உடனே படம் அனுப்பினான். நீலக்கோடு இரண்டும் விழுந்தது. சித்தி லைலா நாளாந்தம் பாலம் கடந்து போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறார். ஹாஜியார் இன்னும் போகவில்லை. ஆள் வந்து சொல்லவில்லையே! அசருக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அயர்ன் பண்ணிய சேட்டைப் போட்டு, அத்தர் பூசி, கேற் பக்கம் முகம் வைத்துப் புரளாமல் படுத்திருக்கிறார். தலைமாட்டில் தொலைபேசி. கேற்றடியில் எந்த வாகனம் வேகம் குறைத்தாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாராம். அது கடந்து போனதும் தொலைபேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாராம். ஸிராஜைக் கேட்டால், மூன்று தரம் சொல்லக் கிளம்பி மூன்று தரமும் பாலத்தில் மாட்டித் திரும்பிவிட்டேன் என்கிறான். நம்புவது உங்கள் விருப்பம்.

இவ்வளவும் வாசித்துவிட்டு, பாவம் அந்த மனுசன் என்று தலையாட்டுகிறீர்கள். நல்லது. நீங்கள் அந்த இனமில்லை; எனக்குத் தெரியும். ஆனால் வாசித்துக்கொண்டு வரும்போது, எங்கேயோ ஓர் இடத்தில், 'நம்மட ஊர்ப் பாலத்தப் பத்தி எழுதியிரிக்கான், எழுத முன்ன என்னட்ட ஒரு வார்த்த கேட்டானா?' என்று நெஞ்சுக்குள் ஏதேனும் லேசாகப் புரண்டதா?

புரண்டிருந்தால் பதற வேண்டாம். சேட்டைக் கழற்றாமல் அப்படியே படுத்திருங்கள். வந்து சொல்கிறோம், பாலம் விட்டால்.