மாற்றலாம், ஆனால் இறுதியானது

"எங்க ஆபீஸ்ல எத வேணும்னாலும் மாத்தலாங்க. இன்னான்னா, மாத்த முடியாது. அவ்ளோதான்."

பெங்களூர் போகும் காலை ரயிலில் முன் சீட்டுக்காரர் யாரிடமோ போனில் சொன்னார். தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து தினமும் அந்த ரயிலில் வேலைக்குப் போகும் ஃப்ளோராவுக்கு, 'இவர் என் ஆபீஸைத்தான் சொல்கிறாரோ' என்று தோன்றியது.

அவள் ஆபீஸின் வருகைப்பதிவு மென்பொருள், ரயில் தாமதமானால் தவறாமல் கடிதம் அனுப்பும். கடிதம் யாருக்குப் போகிறதோ அவருக்கு அரைநாள் விடுப்பு கழியும். இப்படியே போனால் தங்கை ஈவ்லின் கல்யாணத்துக்கு ஒரு நாளும் மிஞ்சாது.

அந்த மாதம் ஆபீஸில் 'திறந்த மனம்' என்பது ஃபேஷன். மேனேஜர் லாய்டும் தங்கவயல்காரர்தான், அங்கே நந்திதுர்க்கில் பிறந்தவர். இப்போது ஆபீஸுக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். அவர் ஆணையிட்டார்: மென்பொருளின் ஒவ்வொரு மெத்தடும், அதாவது ஒரு வேலையைச் செய்யும் ஒவ்வொரு கட்டளைத் தொகுப்பும், தன்னை மாற்றி எழுத இடம் தருகிறதா என்பது உடனடியாகக் கண்டறியப்பட வேண்டும்.

அதற்கு ரிஃப்ளெக்‌ஷன் என்றொரு வழி உண்டு. மெத்தடிடமே அதன் யோக்கியதையை விசாரிப்பது. "நீ விர்ச்சுவலா, மாற்ற இடம் தருவாயா?" என்று கேட்டார்கள். ஒவ்வொன்றும் "ஆம்" என்றது. கேக் வெட்டினார்கள்.

ஃப்ளோரா ரயிலில் வருகிறவர்களுக்காக ஷிஃப்ட் நேர மெத்தடை மாற்றி எழுதினாள். எழுதியதைச் சரிபார்த்துக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் ஏற்க மறுத்தது.

"சார், ஷிஃப்ட் மெத்தட மாத்த வரல."

"ஆம்னு சொல்லிச்சேம்மா?"

"விர்ச்சுவல்னு சொல்லிச்சு. ஃபைனலான்னு நாம கேக்கல. சில மெத்தடுக்கு கம்பைலர் ரெண்டு முத்திரையும் சேத்தே குத்திடும் சார்."

"மாத்தலாம், ஆனா முடிவானது. அது எப்டி?"

"'லீவு எப்ப வேணும்னாலும் கேளு, ஆனா கிடையாது'ன்னு நீங்க சொன்னீங்களே, அந்த மாதிரி சார்."

லாய்ட் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "சரி, அதையும் கேளு."

கேட்டாள். ஒன்றைத் தவிர எல்லாமே ஃபைனல். அந்த ஒன்று, தாமதக் கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் மெத்தட்.

"பாத்தியா! ஒண்ணு இருக்குதே!" லாய்டுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. 'இம்மென்பொருளில் ஒரு மெத்தட் மாற்றத்தக்கது' என்று சான்றிதழ் அச்சிட்டு, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்.

மறுநாள் ரயில் பங்காரப்பேட்டை தாண்டி நின்றுவிட்டது. ஃப்ளோரா மடிக்கணினியைத் திறந்து அந்த ஒன்றை மாற்றி எழுதினாள். தங்கவயலிலிருந்து வரும் அத்தனை பேருடைய கடிதங்களும் லாய்டுக்குப் போய்ச் சேர்ந்தன. மதியத்துக்குள் எதிர்வீட்டுக்காரரின் வருஷ விடுப்பு முழுவதும் கழிந்துபோயிற்று.

"இன்னாம்மா இது?"

"திறந்த மனசு சார்."

சாயங்காலம் லாய்ட் ஷிஃப்ட் மெத்தடைத் திறந்துவிட்டார். கடித மெத்தடை மூடினார். பிறகு எழுந்துபோய், சுவரில் கொஞ்சம் சாய்ந்திருந்த சான்றிதழை நேராக்கினார்.