கஸ்தூரி இல்லாத தெரு

கடவுளிடம் எதைக் கேட்பதாக இருந்தாலும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்துவிட்டுக் கேட்க வேண்டும். கஸ்தூரி எங்காவது ஊருக்குப் போய்த் தொலையட்டும் என்று நான் கேட்டேன். கொடுத்துவிட்டார்.

அப்போது திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரி போனால் அலமாரியில் டம்ளர்கள் ஆடும் ஒரு தெருவில் குடியிருந்தோம். பி.காம். படித்து, மகள் பிறந்ததும் வேலையை விட்டவள் நான். (விட்டது சரியா என்று குழந்தையைக் குளிப்பாட்டும் போதெல்லாம் யோசிப்பேன்.) வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போய்விடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு.

பயத்துக்குப் பெயர் கஸ்தூரி. எதிர்வீடு. அவளும் மாவு விற்றாள். அவள் விடியற்காலையில் கிரைண்டர் போட்டால், நான் அதற்கும் முன்னால் போடுவேன். அவள் கொசுறாக ஒரு கரண்டி ஊற்றினால் நான் ஒன்றரை. அவள் மகன் நடந்துவிட்டான் என்பதற்காக, தவழ்ந்துகொண்டிருந்த என் மகளைச் சுவரோரம் நிற்க வைத்துப் பழக்கினேன். (டாக்டர் திட்டினார்.)

ஒரு மே மாதம், தங்கைக்குப் பிரசவம் என்று கஸ்தூரி கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். மறுநாள் நான் ஏழு மணி வரை தூங்கினேன்.

எங்கள் தெருவில் காலையில் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவார்கள், சாயங்காலம் மாவோடு எடுத்துப் போவார்கள். கஸ்தூரியின் வாடிக்கைப் பாத்திரங்களும் என் வாசலுக்கு வந்தன. நான் உளுந்தைக் குறைத்தேன். கொசுறை நிறுத்தினேன். கேட்பவர்கள் வேறெங்கே போய்விடுவார்கள்?

வழக்கமாக மாவை அண்டாவில் வைத்திருந்து, ஆட்கள் வரும்போதுதான் ஊற்றுவேன். அந்த வெள்ளிக்கிழமை, எதற்கு இரண்டு வேலை என்று, அரைத்த கையோடு எல்லாப் பாத்திரங்களிலும் கழுத்துவரை ஊற்றி, மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

அக்னி வெயில். விழித்தபோது மூடிகளைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி, கூடம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவே என் மகள், அதுவரை எவ்வளவு கெஞ்சியும் நடக்காதவள், எதையும் பிடிக்காமல் வழுக்கி வழுக்கி நடந்து வந்தாள். சந்தோஷப்படக்கூட நேரமில்லை. வாசலில் கூட்டம்.

அவசரமாகப் பாத்திரங்களின் வெளிப்புறத்தைக் கழுவினேன். கழுவி முடித்ததும், வைத்திருந்த வரிசை கலைந்துபோய், எது யாருடையது என்று தெரியவில்லை. அப்போதுதான் பார்த்தேன், பாத்திரங்களில் பெயர் வெட்டியிருந்தது. படித்தவள் அல்லவா, வகுப்பில் ஹாஜர் எடுப்பதுபோலக் கூப்பிட்டேன்.

"எம். முனுசாமி!"

முனுசாமியின் மனைவி வந்து பெரிய எவர்சில்வர் தூக்கை வாங்கிக்கொண்டாள். பின்னாலிருந்து, கடைசி வீட்டுச் செல்வி அலறினாள்.

"எக்கா! அது என் தூக்கு!"

"முனுசாமின்னு போட்டிருக்கே?"

"அவுரு என் கண்ணாலத்துக்கு வெச்சது! வெச்சவங்க பேரத்தான போடுவாங்க? உங்க வூட்டு கொடத்துல உம் பேரா கீது?"

(இல்லை. என் பெரியப்பா பெயர் இருக்கிறது.)

முனுசாமியின் மனைவி தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "எங்க பேரு போட்ட சாமான் எங்க வூட்டுக்கு வந்தா இன்னா தப்பு? உன் கண்ணாலத்துக்கு நான் வெச்சேன். எங்க வூட்டு காதுகுத்துக்கு நீ இன்னா வெச்சே?"

அதற்குமேல் பேச்சு மாவைப் பற்றியதாக இல்லை. நான் "மாவு... மாவு..." என்று இருவருக்கும் நடுவே நின்றேன். செல்வி என் பக்கம் திரும்பினாள். "கஸ்தூரி இருந்தா இந்த பேஜாரு வந்துருக்குமா? சாமி, நானே அரைச்சிக்கிறேன்!"

அடுத்தடுத்த நாட்களில் வாசலுக்கு வந்த பாத்திரங்கள் குறைந்துகொண்டே போயின. கடைசியில் என் சொந்த வாடிக்கைகூட வரவில்லை. வேறு வழி தெரியாமல், எதிர்வீட்டில் அவள் தங்கை வீட்டு போன் நம்பரை வாங்கிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன்.

"கஸ்தூரி, எப்ப வருவே?"

"யாரு, நீயா? இன்னாமே, எதுனா கெட்ட சேதியா?"

"இல்ல. நீ வந்துடு."

"நான் வந்தா உன் யாவாரம் பூடுமே!"

"இப்பவே பூடுச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். பூத்தில் வரிசையாக நின்ற லாரி டிரைவர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். மறுமுனையில் மூச்சு முட்டும் அளவுக்குச் சிரிப்பு.

"செல்வி தூக்க அந்த வூட்டுக்கா குடுத்தே? ஐயோ! தோ பாரு, ஞாயித்துக்கெழம வரேன். அதுக்குள்ள கடைய மூடிக்கினு பூடாத. நீ இல்லன்னா நான் இன்னாத்துக்கு எந்திரிக்கிறது? உன் கிரைண்டர் சத்தம் கேட்டு வயிறு எரிஞ்சாதான் எனக்கு முழிப்பே வரும்."

திங்கட்கிழமை இருட்டோடு எதிர்வீட்டுக் கிரைண்டர் கரகரத்தது. சனியனே என்று திட்டிக்கொண்டு எழுந்தேன். உளுந்து பழைய அளவுக்குத் திரும்பியது, கொசுறும்தான். போன வாடிக்கையில் பாதி என்னிடம் வந்தது, பாதி அவளிடம் போனது.

என் கணவர் மட்டும் இதை விடுவதாக இல்லை. போன வருடம், மூன்றாவது படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள். அவள் வகுப்பில் எப்போதும் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கும் பெண் வேறு பள்ளிக்குப் போகிறாளாம்.

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "அந்தப் பொண்ணு போன் நம்பர வாங்கி வெச்சியா?"