உயிரோடு இருந்தவருக்கு நான் வைத்த அஞ்சலி பேனர்

யாழினி, கதிர், இதை நீங்கள் பெரியவர்கள் ஆன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் சலீம் மாமா தன் செல்போனில் பழைய போட்டோ ஒன்றைக் காட்டிவிட்டார். அந்த பேனரின் மூலையில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கைகூப்பி நிற்கிற ஆள் நான்தான். மறுக்க வழியில்லை. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரிக்க வேண்டிய மூஞ்சிதான். ஆனால் பாதி தெரிந்துகொண்டு சிரிக்கக் கூடாது, அதனால் மீதியையும் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் யாழினி திருத்திக்கொள்.

ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்பதற்காக ஒருவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் அவனுக்கு இருபது வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்தெட்டு. யாழினி, நீ உன் அம்மா வயிற்றில் ஏழு மாதம். (உன் அம்மா அப்போது என்னைப் பார்த்த பார்வையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் நான் டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள், சாவு. இந்த நாலுக்கும் கம்ப்யூட்டரில் மாடல் தயாராக இருக்கும். போட்டோவையும் பேரையும் மாற்றினால் வேலை முடிந்தது. நாள் முழுக்க மெஷின் கரகரவென்று ஓடும். அந்தச் சத்தத்தையும் தாண்டி என் காதில் விழுந்த ஒரே பாட்டு ‘பாறைவெடி’ குழுவின் பாட்டு.

ஹெவி மெட்டல் என்பார்கள். கிட்டார் கல் உடைக்கிற மாதிரி இருக்கும், டிரம்ஸ் லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி இருக்கும். அதற்கு மேலே வேலு அண்ணன் குரல். பாட்டு இல்லை, கர்ஜனை. முதல் தடவை கேட்கிறவர்கள் யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்று நினைப்பார்கள். அவர் அனந்தபுரத்துக்காரர், சென்னையில் இருந்து பாடினார். நம்ம பக்கத்து ஆள் ஒருவர் இப்படிக் கத்துகிறார் என்பதே எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் ரசிகர் மன்றம் ஆரம்பித்தேன். மொத்தம் பதினாலு பேர், நான் அட்மின்.

மூன்றாவது ஆல்பம் வந்தது. பேர் ‘மழைக்கு முன்’.

முதல் பாட்டில் கர்ஜனை இல்லை. ஒரே ஒரு கிட்டார், மெதுவாக. வேலு அண்ணன், பக்கத்தில் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடுமோ என்று பயந்தவர் போலப் பாடினார். சரி, ரெண்டாவது பாட்டில் வெடிப்பார் என்று இருந்தேன். வெடிக்கவில்லை. எட்டு பாட்டும் அப்படியே போயின.

குரூப் அன்றைக்கே ரெண்டாக உடைந்தது. “எங்க வூட்டுக் குழந்த தூங்கிடுச்சி, ரொம்ப தேங்க்ஸ்” என்று ஒருவர் எழுதினார். “பல் ஆஸ்பத்திரில உக்கார வெச்சிட்டு இந்தப் பாட்டத்தான் போடுவாங்க” என்றார் இன்னொருவர். மினிபஸ் ஓட்டுகிற ஒரு அண்ணன் மட்டும், நாலாவது பாட்டு ஓடும்போது வண்டியை ஓரம் கட்டிவிட்டேன், ஏனென்று தெரியவில்லை என்று குரல் பதிவு அனுப்பினார். அவரைக் கிண்டலடித்து ஓட்டினோம். அவரோடு சேர்த்து நாலு பேர் குரூப்பை விட்டே போனார்கள்.

சலீம் அந்தக் கட்சி. எதிர்க்கடையில் செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். டீக்கடையில் எங்களுக்குள் பேச்சு முற்றியது.

“நல்லாத்தான்டா இருக்குது. இன்னா இப்ப உனக்கு?”

“மெட்டல்னு சொல்லிட்டு தாலாட்டு பாடறாரு. துரோகம்டா இது.”

“அவரு உனக்கு இன்னா எழுதிக் குடுத்தாரா, செத்து மண்ணாவுற வரைக்கும் கத்திக்கினே இருப்பேன்னு?”

“பாறைவெடி செத்துப் போச்சு சலீம். அவ்ளோதான்.”

“செத்துட்டா மாலையப் போடு, போ.”

கோபத்தில் சொன்னான். எனக்கோ அது யோசனையாகத் தெரிந்தது. நேராகக் கடைக்குப் போய் ‘கண்ணீர் அஞ்சலி’ மாடலைத் திறந்தேன். தோற்றம் என்ற இடத்தில் ‘முதல் ஆல்பம்’ என்று போட்டேன். மறைவு என்ற இடத்தில் ‘மூன்றாம் ஆல்பம்’. ஆல்பத்தின் அட்டைப்படம் வெறும் சாம்பல் வானம், பார்க்க எடுப்பாக இல்லை. அதனால் நடுவில் வேலு அண்ணன் போட்டோவை வைத்தேன். மாடலில் ரோஜா மாலை தானாகவே வந்து அவர் கழுத்தில் விழுந்தது. கீழே, ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்று போட்டு என் போட்டோ, என் செல் நம்பர். (பேனர் வைக்கிறவன் தன் போட்டோ போடாமல் விட்டதை நம்ம ஊரில் யாராவது பார்த்ததுண்டா?)

சலீம் எட்டிப் பார்த்து, “அந்தாளு போட்டோ வேணாம்டா” என்றான். நான் கேட்கவில்லை. காலையில் பஸ் ஸ்டாண்ட் எதிரே கட்டினேன். ஆறடிக்கு நாலடி. பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலியும் மாலை போட்ட முகமும் தெரியும். ஆல்பம் என்ற எழுத்து, கிட்டே போய் நின்றால்தான் தெரியும்.

பதினோரு மணிக்கு போன் வந்தது. புது நம்பர்.

“பேனர்ல கும்புட்டுக்கினு நிக்கிறது நீதான?”

“ஆமாங்க.”

“பாடி எங்க இருக்குது? ஆஸ்பத்திரிலயா, வூட்டுக்குக் கொண்டாந்துட்டாங்களா?”

“எந்த பாடிங்க?”

“வேலு பாடிடா. நான் அவன் தாய்மாமன். பஸ்லருந்து பாத்துட்டு எறங்கி நிக்கிறன். தாய்மாமனுக்குச் சொல்லாம பேனர் வெக்கிற அளவுக்குப் போயிட்டீங்க.”

“ஐயோ, அவரு சாவலீங்க. அவரு ஆல்பம் நல்லா இல்லீங்க.”

“இன்னா ஆல்பம்? அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆவலயே.”

நான் விளக்கிச் சொன்னேன். கடைசி வரை கேட்டார். பிறகு, “எங்க அக்காளுக்கு போன் போட்டுச் சொல்லிட்டன்டா பாவி” என்றார். வைத்துவிட்டார்.

சலீம்தான் வண்டியை எடுத்தான். முதலில் பேனரை அவிழ்த்தோம். பிறகு அனந்தபுரம் கிளம்பினோம்.

தெருமுனையிலேயே தெரிந்தது. பந்தல்காரர் இறக்கிய சேர்களைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வந்த சொந்தக்காரர்கள் கொண்டுவந்த மாலைகளை என்ன செய்வதென்று தெரியாமல் துணி காயப்போடும் கொடியில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். வாசல்படியில் வேலு அண்ணனின் அம்மா உட்கார்ந்திருந்தார். முட்டி வரை மண். ஒரு கால் விரலில் நகம் பெயர்ந்து ரத்தம் உறைந்திருந்தது.

“நான்தாம்மா அது” என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நடந்ததைச் சொன்னார். பிள்ளைக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து ஆறு நாள்தான் ஆகிறது. யாருக்கும் சொல்லாமல் ஊருக்கு வந்து படுத்திருக்கிறார். ஒரு மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் குரல் திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு இவர் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போயிருக்கிறார். அங்கேதான் தம்பியின் போன்.

“அவன் நம்பருக்குப் போட்டன், எடுக்கல. எப்புடி எடுப்பான், பேசக் கூடாதுல்ல. கொல்லிலருந்து ஓடியாந்தன். வந்து பாத்தா கண்ண மூடிக்கினு படுத்திருக்குறான். தூங்குறான்னு எனக்கு இன்னா தெரியும்? மேல விளுந்து அளுவுறன். புள்ள பதறிப்போயி ‘அம்மா’ன்னு ஒரே கத்து. அப்புறம் துப்புனான் பாரு, ரத்தம்.”

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“பாட்டு நல்லா இல்லன்னா அத நிறுத்திட்டுப் போவ வேண்டியதுதானப்பா?”

பதினாலு பேர் குரூப்பில் நாங்கள் நூற்றுக்கணக்கில் எழுதியும் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை.

உள்ளே வேலு அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயில் துண்டு. நான் இவ்வளவு ஒல்லியாக அவரைக் கற்பனை செய்ததில்லை.

“அண்ணா, தொண்ட சரியில்லன்னுதான் மெதுவா பாடினீங்கன்னு தெரியாதுண்ணா. தெரிஞ்சிருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்.”

அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுச் செல்போனில் தட்டி என்னிடம் நீட்டினார். ‘தொண்டைக்காக இல்ல. அந்தப் பாட்டெல்லாம் பாடும்போது தொண்டை நல்லாதான் இருந்துது. எனக்கு அப்படிப் பாடப் புடிச்சிது.’

படித்தேன். இரக்கப்பட்டு அந்த ஆல்பத்தை மன்னிக்கத் தயாராக இருந்தவனுக்கு அந்த வாய்ப்பைக்கூட அவர் கொடுக்கவில்லை. போனைத் திரும்ப வாங்கி இன்னும் ஒன்று தட்டினார். ‘அந்த போட்டோவ வேற யாருக்கும் தராதீங்க. அதுல குண்டா இருக்கேன்.’

சலீம் சிரித்துவிட்டான். வேலு அண்ணனும் சிரிக்கப் பார்த்து, வலியில் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஒரு மாதம் நான் எப்படி இருந்தேன் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். குரூப்பைக் கலைத்தேன். கடையில் யாராவது அஞ்சலி பேனருக்கு வந்தால், “நீங்க நேர்ல பாத்தீங்களா?” என்று கேட்க ஆரம்பித்தேன். முதலாளி ரெண்டு தடவை எச்சரித்தார். இன்றைக்கும் நான் குழம்பில் உப்பு இல்லை என்று வாயெடுத்தால் உங்கள் அம்மா, “பேனர் எத்தன அடில வெக்கப் போறீங்க?” என்கிறாரே, அது அப்போது ஆரம்பித்தது. அந்தக் கேள்விக்கு ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே நீங்கள் இத்தனை வருஷம் சிரித்திருக்கிறீர்கள்.

மாதம் முடிந்ததும் தனியாக அனந்தபுரம் போனேன். வேலு அண்ணன் வாசலுக்கு வந்து, “வாங்க” என்றார். குரல் இருந்தது. மெல்லிசாக, ஓரத்தில் கொஞ்சம் கிழிந்த மாதிரி. பேசலாம், மெதுவாகப் பாடலாம், கர்ஜனை மட்டும் இனிமேல் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“அன்னிக்குக் கத்தினதாலயாண்ணா?”

“எட்டு வருஷமா கத்தினதாலயும் இருக்கலாம். டாக்டருக்கே தெரியல. விடுங்க.”

அவர் விட்டுவிட்டார். இப்போது புதுச்சேரியில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லித் தருகிறார். பாறைவெடி அதற்குப் பிறகு ஆல்பம் போடவில்லை. கர்ஜனை வேண்டும் என்று கேட்டவர்களிலேயே அதிகமாகக் கேட்டவன் நான்.

ஒன்று மட்டும் சலீமுக்கும் தெரியாது. அன்று வேலு அண்ணனைத் தனியாகப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். அவருடைய முதல் ஆல்பத்தில் ஒரே மூச்சில் நீளமாக ஒரு கர்ஜனை வரும். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட வாயைத் திறந்து செய்து பார்த்ததில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினேன். நாலு எண்ணுவதற்குள் தொண்டையில் மிளகாய்ப் பொடி போட்ட மாதிரி எரிந்தது. இருமல் பிடித்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. தண்ணீரில் கிடந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

கரையில் குந்தி பாட்டில் தண்ணீரை முழுதும் குடித்தேன். எரிச்சல் அடங்கவில்லை. இன்னொரு சத்தம் போட மனசில்லாமல், வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன்.