முதல் கியரில் பெண் கேட்டது

வாயை மூடிக்கொண்டிருந்தால் வம்பு வராது என்று சொல்பவர்களை நான் நம்புவதே இல்லை. பிறந்ததிலிருந்து ஒரே ஒரு நாள்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு என் கார் டிரைவர் இல்லாமல் கிளம்பிப் போய், கொல்லிமலையில் ஒரு நல்ல மனிதருடைய மிளகின் மேல் ஏறி நின்றது.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செகண்ட் ஹேண்ட் கார்தான். ஆனால் சேந்தமங்கலத்தில் எங்கள் தெருவில் சொந்தக் கார் ஓட்டும் ஒரே பெண் நான் என்கிற திமிர் மட்டும் புத்தம் புதுசு. அந்தத் திமிருக்குச் சாவியைத் திருகி வண்டி எடுப்பது கேவலமாகப் பட்டது. நாமக்கல்லில் ஒரு கடைக்குப் போய் ரிமோட் ஸ்டார்ட்டரும் அலாரமும் மாட்டினேன். பட்டனை அழுத்தினால் ஆள் இல்லாமலே இன்ஜின் ஓடும், ஏசி ஓடும். நாம் போய் உட்காரும்போது உள்ளே ஜில்லென்று இருக்கும். வண்டியை யாராவது அசைத்தால் அலாரம் ஊளையிடும், கூடவே ஒரு பெண் குரல் இந்தியில் மிரட்டும். (குரல் வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறோம் என்றார்கள். நான்தான் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.)

மாட்டியவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "மேடம், கிளட்ச் மிதிக்காமலே ஸ்டார்ட் ஆகற மாதிரி பண்ணியிருக்கேனுங்க. எப்பவும் நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துட்டுத்தான் எறங்கோணும். கியர்ல இருந்தா வண்டி தானாக் கெளம்பிப் போயிருமுங்க."

"தெரியுமுங்க" என்றேன். என் காரில் ஹேண்ட்பிரேக் என்பது இழுத்தாலும் பிடிக்காத ஓர் அலங்காரப் பொருள் என்று அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம்தான் என் தம்பி பிரபுவுக்குப் பெண் கேட்கப் போகவேண்டியிருந்தது. பெண் காவ்யா, கொல்லிமலை மேலே குண்டூர் நாட்டுக்காரி. இரண்டு பேரும் நாமக்கல்லில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, ஒருத்தரை ஒருத்தருக்குப் பிடித்துப்போய்விட்டது. மிளகும் மரவள்ளியும் போடும் அவள் அப்பாவுக்கு மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் பெண் கொடுக்கத் துளியும் இஷ்டமில்லை. அவள் அழுது கெஞ்சியதில், "ஒருக்கா வந்து பேசட்டும்" என்கிற அளவுக்கு இறங்கியிருந்தார். அப்பா வேண்டாம் என்றால் தானும் வேண்டாம் என்றுவிடுவதாகக் காவ்யா தெளிவாகச் சொல்லிவிட்டாள். எங்கள் அப்பா அம்மாவுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு என்று சொன்னாலே குமட்டும். அதனால் முதல் பேச்சுக்குப் பெரியவர்கள் என்கிற பதவியில் நான் போனேன்.

கிளம்பும்போது பிரபு கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, உன்ற கால்ல வேணாலும் உழுவறேன். அங்க வந்து வாயத் தொறக்காத. அவங்க என்ன சொன்னாலும் 'சரிங்க'ன்னு மட்டும் சொல்லு." (அதற்கு முன்னால் ஒரு நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளையின் முடி சொந்த முடியா என்று நான் கேட்டது உண்மைதான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன்.)

காவ்யா வீட்டு வாசல் சரிவாக இருந்தது. சரிவு முடியும் இடத்தில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பலாமரம். நான் மிளகைப் பார்த்த மாதிரி காரை நிறுத்தினேன். காவ்யாவின் அப்பா கையில் ஒரு கல்லோடு வந்து, குனிந்து முன்சக்கரத்துக்கு அணை கொடுத்தார்.

"சரிவுங்க அம்மிணி. மொதல் கியர்ல போட்டுட்டு எறங்குங்க. மலையில எல்லாரும் அப்படித்தான் நிறுத்துவோம்."

எனக்கு நாமக்கல் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். பிரபு என்னைப் பார்த்த பார்வையில் அவனுடைய எதிர்காலம் முழுவதும் நின்றது.

"சரிங்க" என்று சொல்லி முதல் கியரில் போட்டு இறங்கினேன்.

உள்ளே என் நாக்குக்கு நான் செய்த கொடுமையை எழுதினால் தாங்கமாட்டீர்கள். "மலைக் காப்பி, கொஞ்சம் கசக்குமுங்க" என்றார் காவ்யாவின் அம்மா. சரிங்க. "இந்த வருசம் மழையே இல்லீங்க." சரிங்க. "தம்பி கோவக்காரருங்களா?" சரிங்க. பிரபுவுக்கு உயிர் ஒரு நிமிஷம் போய்விட்டு வந்தது.

ஆனால் காரியம் நடந்துகொண்டுதான் இருந்தது. கடைசியில் காவ்யாவின் அப்பா தொண்டையைச் செருமி, "பையன் நல்ல மாதிரியாத்தான் தெரியறாப்ல. நல்ல நாளாப் பாத்து உங்க அப்பா அம்மாவக் கூட்டியாங்க" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. வாய்க்குத் தடை, கைக்குத் தடையில்லையே! கிளம்புகிற நேரம் கார் தயாராக இருக்கட்டும் என்று கைப்பைக்குள் ரிமோட்டை அழுத்தினேன். ஊரெல்லாம் குளிருக்காக வந்து போகும் மலையில், காரைக் குளிரவைக்க ஏசி போட நினைத்த ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன்.

வெளியே உறுமல் கேட்டது. ஜன்னலில் பார்த்தோம். என் கார் ஒரு துள்ளுத் துள்ளி, கல்லின் மேல் ஏறி இறங்கி, சரிவில் நிதானமாக நடந்தது. பிரபு பாய்ந்து ஓடினான், கதவெல்லாம் பூட்டியிருந்தது. நான் அணைப்பதாக நினைத்து அலாரத்தை அழுத்தினேன். ஊளையிட்டுக்கொண்டே கார் மிளகின் மேல் போய், பலாமரத்தில் முட்டி நின்றது. (பலாப்பழம் விழுந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அதுகூட என்னைப் பார்த்துப் பாவப்பட்டது.)

அப்போதுதான் காருக்குள் இருந்து அந்தப் பெண் இந்தியில் கத்த ஆரம்பித்தாள். எங்களோடு வாசலுக்கு ஓடிவந்த காவ்யாவின் அப்பா சட்டென்று நின்றார். முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, உள்ள யாருங்க? ஒரு பொம்பளைய வெச்சுப் பூட்டிப்போட்டா பொண்ணு கேக்க வந்தீங்க?"

"ஐயோ, ரெக்கார்டுங்க! வெறும் குரலுங்க!" என்று பிரபு அலறினான்.

"என்ன சொல்லுது?"

"தள்ளி நிக்கச் சொல்லுதுங்க."

"எங்கூட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என்னையவேவா?"

பிரபுவுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கும்தான். வருஷம் முழுக்க அவர்கள் பாடுபட்ட மிளகு டயருக்கு அடியில் கிடந்தது, நல்ல நாள் அதற்கும் அடியில் கிடந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"கியர்ல நின்னா இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க."

"அப்பறம் நான் கியர்ல போடச் சொன்னப்பவே சொல்றதுக்கென்ன?"

"தம்பி வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டானுங்க" என்றேன்.

வீட்டுக்குள்ளிருந்து காவ்யா சிரிக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே அவள் அம்மா வெளியே வந்தார்.

"என்னத்த யோசிக்கறீங்க? காரே போனாலும் வாயத் தொறக்காத நாத்தனா நம்ம புள்ளைக்கு வேற எங்க கெடைப்பா? பேசி முடிங்க!"

காவ்யாவின் அப்பாவும் சிரித்துவிட்டார். எல்லோரும் தரையில் உட்கார்ந்து, இருட்டும் வரை மண்ணிலிருந்து மிளகைப் பொறுக்கினோம்.

கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து நான் வழக்கம்போலப் பேச ஆரம்பித்தேன். "நல்லா ஏமாத்திப்போட்டீங்க அம்மிணி" என்று காவ்யாவின் அம்மா இன்றைக்கும் சொல்கிறார். ரிமோட்டைக் கழற்றிவிட்டேன். இப்போது சாவியைத்தான் திருகுகிறேன். இருந்தாலும் நான் போனால் காவ்யாவின் அப்பா முன்னைவிடப் பெரிய கல்லாகத்தான் தூக்கிக்கொண்டு வருவார்.

போன மாதம் கார் ஒர்க்ஷாப்பில் இருந்தது, பஸ்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தால், என் செருப்பு இரண்டுக்கும் முன்னால் ஆளுக்கொரு கல் இருந்தது.

"இது என்னங்க மாமா?"

"சரிவு கண்ணு" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"சரிங்க" என்றேன்.