காஜா போட்ட ஆமையும் கைதட்டிய முள்ளம்பன்றியும்

ஒரு காட்டில், யானைத் தடத்துக்கு இந்தப் பக்கம், சிங்காரம் என்ற முள்ளம்பன்றி தையல் கடை வைத்திருந்தது. ஊசி வாங்க வேண்டியதில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்தத் தொழிலுக்கு வந்த பிராணி அது. முதுகில் ஒன்றைப் பிடுங்கி, காது குத்தி, நூலைக் கோத்தால் வேலை ஆரம்பம்.

அந்தக் கடையில் வைரக்கண்ணு என்ற ஆமை பதினோரு வருடமாகத் தொழில் பழகிக்கொண்டிருந்தது. வயது அறுபத்திரண்டு. ஆமைக் கணக்கில் மீசை அரும்பும் பருவம். அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை காஜா. சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டைக்குக் கரை கட்டித் தைப்பதுதான் காஜா. புலிச் சட்டைக்கு ஏழு காஜா, எலிச் சட்டைக்கு ஒன்றே ஒன்று. அந்த ஓட்டையைக்கூடப் பிளேடால்தான் கீற வேண்டும். கத்திரிக்கோலைத் தொடக் கூடாது. கத்திரி மாஸ்டருடையது. ஆயுத பூஜை அன்று அதற்குச் சந்தனம் வைக்கலாம், அதுவும் ஒரு முனையைச் சிங்காரம் பிடித்துக்கொண்டிருக்கும்போது.

ஆமைக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது. அந்தக் கத்திரியால் ஒரு துணியை நறுக்கென்று வெட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

காஜா தவிர டீ வாங்கி வருவதும் அதன் வேலை. காலையில் அனுப்பினால் சாயங்காலம் வந்து சேரும். டீ ஆறிப்போயிருக்கும், திட்டு மட்டும் சூடாக இருக்கும். ஆறிய டீயைச் சிங்காரம் தொடாது. ஆகவே அது ஆமைக்கு. திட்டும்போதெல்லாம் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பயந்துவிட்டது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அது உள்ளே போய் ஒவ்வொரு திட்டையும் பத்திரமாக அடுக்கி வைத்துவிட்டு வரும். ஓட்டுக்குள் இடம் தாராளம்.

இப்படி இருக்கையில் வனப் பழகுநர் நலத்துறை ஆலமரத்தில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியது. கடை வைத்திருப்போர் தம்மிடம் தொழில் பழகுவோரைப் பாராட்ட வேண்டும், ஆதரிக்க வேண்டும், வாரம் ஒருமுறை மனம்விட்டுப் பேச வேண்டும் என்று மூன்று பக்கம். சிங்காரம் கடைசி வரியை மட்டும் படித்தது. சிறப்பாக ஆதரிக்கும் முதலாளிக்கு விளக்கு வைத்த மோட்டார் தையல் மிஷின் பரிசு.

அன்று முதல் ஆமைக்கு நல்ல காலம் பிறந்தது. அதைத் தாங்க முடியவில்லை.

காலையில் கடைக்குள் நுழைந்தவுடன் கைதட்டல். ஒரு காஜா முடித்தால் கைதட்டல். தும்மினாலும் கைதட்டல். “டேய்” என்று பதினோரு வருடம் அழைத்த வாய், “வாங்க தம்பி, உட்காருங்க தம்பி” என்றது. உட்காருவதற்கு ஆமைக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பது சிங்காரத்துக்கு நினைவில்லை. மாதத்தின் சிறந்த பழகுநர் என்று பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் சிங்காரம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. பக்கத்தில் ஒரு துணி மூட்டை இருந்தது. அந்த மூட்டைக்குள்தான் ஆமை. எடுத்து முடித்ததும் பொன்னாடை மறுபடி விற்பனைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது.

வெள்ளிக்கிழமைதோறும் மனம்விட்டுப் பேசுவது. சிங்காரம் தன் மச்சான் செய்த துரோகங்களை ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசும், ஆமை கேட்கும். அந்த ஒரு மணி நேரத்துக் காஜாவையும் போட்டு முடித்துவிட்டுத்தான் கடை சாத்த வேண்டும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஆமை தலையை நீட்டியது.

“பாராட்டெல்லாம் இருக்கட்டும் மாஸ்டர். கத்திரியை எப்பத் தருவீங்க?”

சிங்காரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “நீ பழகுநரா இருந்தாத்தானே தம்பி நான் உன்னை ஆதரிக்க முடியும்? நீ கட்டர் ஆயிட்டா, நான் யாரை ஆதரிப்பேன்?”

ஆமை உள்ளே போய் அதையும் அடுக்கி வைத்தது. இதற்குத் தனி அலமாரி தேவைப்பட்டது.

பிறகு சிங்காரம் இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கி, இரண்டு நரிகளுக்கும் ஒரு கர்ப்பிணி மானுக்கும் பின்னால் நின்று, அணிலிடம் சொல்லிப் பரிசுக்கான படிவத்தை நிரப்பியது. என்னென்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்று கேட்டிருந்தது. அளவெடுப்பு, கட்டிங், காலர், கை, பாக்கெட் என்று எல்லாவற்றிலும் டிக் போடச் சொன்னது. இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று கீழே ஒரு வரியும் சேர்த்தது: ‘இப்போது கடையின் எல்லா வேலைகளையும் இவரே செய்கிறார். நான் அருகில் அமர்ந்து ஊக்குவிப்பதோடு சரி.’ கையெழுத்தும் போட்டது, அடியில் கோடு இழுத்து.

பத்தாம் நாள் ஆய்வாளர் வந்தார். அவர் ஒரு கொக்கு. படிவத்தை ஒரு கண்ணால் படித்துவிட்டு மறு கண்ணால் ஆமையைப் பார்த்தார்.

“எல்லா வேலையும் நீங்கதானா? அப்ப எனக்கே ஒரு சட்டை தைங்க. இதுவரைக்கும் எந்தக் கடைச் சட்டையும் என் கழுத்துல நின்னதில்ல. தைக்கத் தெரியலன்னா படிவம் பொய். பொய்ப் படிவம் கொடுத்த கடையைப் பூட்டணும்.”

சிங்காரத்தின் முள்ளெல்லாம் எழுந்து நின்றது. கடை போனால் ஆமைக்கும் காஜா இல்லை, கத்திரியும் இல்லை. வேறு வழியில்லாமல், விரல் விரலாகப் பிரித்து, கத்திரியை நீட்டியது.

வாங்கியதும் ஆமைக்கு ஓடு லேசாகிவிட்டது போலிருந்தது. நறுக். பதினோரு வருட ஆசை அந்தச் சத்தத்தில் இருந்தது. நறுக், நறுக். வெட்டுவதில் இருந்த ருசியில் எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் வந்தது. கழுத்துத் துணி மேலிருந்து கீழ்வரை பிளந்துகொண்டது. சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டு மச்சானின் பெயரைச் சொல்லித் திட்டியது.

பிளந்த துணியை ஆமை பார்த்தது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பிளவு நெடுகக் காஜா போட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, பத்து, இருபது. காலை போய் மாலை வந்தது. வேறு வாடிக்கையாளராக இருந்தால் எழுந்து போயிருப்பார். இவர் கொக்கு. ஒற்றைக் காலில் நிற்பது அவருக்குப் புதிதில்லை.

முப்பத்தொரு காஜா, முப்பத்தொரு பட்டன். போட்டுப் பார்த்தார். சட்டை கழுத்தில் கச்சிதமாக நின்றது. வெளியே குட்டைக்குப் போய் ஒரு கெண்டை மீனை விழுங்கினார். மீன் இறங்க இறங்க ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி வழிவிட்டார். மீன் தாண்டியதும் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டார்.

“என் ஆயுசுல இப்படி ஒரு சட்டை போட்டதில்ல” என்றார். “படிவம் சத்தியம். எல்லா வேலையும் செய்யிறவர் எவரோ, அவர்தான் மாஸ்டர். மிஷின் வைரக்கண்ணு பேர்ல வரும். கடையும் அந்தப் பேர்லயே இருக்கட்டும்.”

“அப்ப நான் யாருங்கய்யா?” என்றது சிங்காரம்.

கொக்கு படிவத்தைப் புரட்டினார். “பழகுநர் இடம் ஒண்ணு காலியாயிருக்கு. அப்ளை பண்ணுங்க. டோக்கன் வாங்கணும்.”

மறுநாள் காலை சிங்காரம் டீ வாங்கப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது. ஆமை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அலறியது. டீ என்பது சுடும் என்று அதுவரை அதற்குத் தெரியாது.

முதல் தேதி சிங்காரத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முள் குத்தி அது சல்லடையானது. ஓட்டைகள் வீணாகாமல் ஒவ்வொன்றுக்கும் காஜா போடச் சொன்னது ஆமை. சிங்காரம் தன் முதுகிலிருந்தே ஊசி பிடுங்கிப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆமை கைதட்டியது.

வெள்ளிக்கிழமை, மனம்விட்டுப் பேசும் நேரத்தில், சிங்காரம் தயங்கித் தயங்கிக் கத்திரியைப் பற்றிக் கேட்டது. கத்திரி ஓட்டுக்குள் தனி அலமாரியில் இருந்தது. ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீ பழகுநரா இருந்தாத்தானே தம்பி” என்று ஆரம்பித்தது.

நீதி: உழைப்பவரை வாயாரப் பாராட்டுங்கள். எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.